பதினோரு வயதுத் தலைக்கு என்ன ரேட்டு?

முடி வெட்டுகிற தொழிலில் குழந்தைக்கு ஒரு ரேட்டு, பெரியவர்களுக்கு ஒரு ரேட்டு என்று போர்டு எழுதி மாட்டிவிடலாம். பதினோரு வயதில் ஒரு பிள்ளை வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த போர்டு எதற்கும் உதவாது.

விழுப்புரத்தில் இன்னொருவர் பார்லரில் ஐந்து வருடம், அப்புறம் திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடிப்படிக்குக் கீழே என் சொந்தக் கடையில் பதினாறு வருடம் கத்தரி பிடித்தேன். ஆரம்பித்தது தொண்ணூற்று மூன்றில். கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்திருக்கிறேன், புருவம் திருத்தியிருக்கிறேன், டீச்சர்களுக்குச் சாயம் பூசியிருக்கிறேன். அவர்கள் முகமெல்லாம் மறந்துவிட்டது. மறக்காமல் நிற்பது பத்துக்கும் பதிமூன்றுக்கும் நடுவிலிருந்த பிள்ளைகள்தான்.

அந்த வயதில் பெண் பிள்ளை வைத்திருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆண்கள் சலூனில் உட்கார வைக்க முடியாது. பார்லரில் கேட்கிற காசு கட்டுப்படியாகாது. வீட்டிலேயே வெட்டினால் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கும். ‘இன்னும் கொஞ்சம் குறைங்க’ என்று நாற்காலிக்குப் பின்னால் நின்று நீங்கள் தவித்தீர்கள். நான் கத்தரியோடு நின்று தவித்தேன்.

பலகை

விழுப்புரம் பார்லரில் முதலாளியம்மா ஒரு சட்டம் வைத்திருந்தார். நாற்காலியின் இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே பலகை போட்டு உட்கார வைத்தால் குழந்தை ரேட்டு. பலகை இல்லாமல் உட்கார்ந்தால் பெரியவர் ரேட்டு. ஒரு சனிக்கிழமை காணைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நடவுக்கும் கரும்பு வெட்டவும் கூலிக்குப் போகிறவர். மறுநாள் மாதா கோயிலில் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளை கவுன் தைத்தாகிவிட்டது, தோள் வரைக்கும் முடியை வெட்டிவிட்டால் கவுனுக்கு எடுப்பாக இருக்கும் என்று மகள் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். வயது பதினொன்று. நல்ல வளர்த்தி. யாரும் சொல்லாமலே அந்த அம்மா பலகையை எடுத்துப் போட்டு மகளை ஏற்றி உட்கார வைத்தார். கண்ணாடியில் அவளுடைய கழுத்து வரைக்கும்தான் தெரிந்தது. முகம் கண்ணாடிக்கு மேலே போய்விட்டது.

“இறங்குமா. நீ பாப்பா இல்ல, ஃபுல் ரேட்டு” என்றார் முதலாளியம்மா. “கால் நீளமா வளந்தா அதுக்கும் காசாங்க மேடம்? தலை அதே தலைதானுங்களே” என்று அந்த அம்மா கேட்டார். முதலாளியம்மா சிரிக்கவில்லை. பெண் தானாகவே இறங்கினாள். பலகையைக் கையால் துடைத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். நான் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் வெளியே போவதைப் பார்த்தேன்.

நானும் அந்தக் கோயிலுக்குத்தான் போவேன், மறுநாள் பூசையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். வீட்டில் யாரோ வெட்டியிருந்தார்கள். வலது பக்கம் தோளைத் தொட்டது, இடது பக்கம் காதோடு நின்றது. பூசை முடிந்து கூட்டத்தோடு வெளியே வரும்போது அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். முறைப்பார், நாலு வார்த்தை கேட்பார் என்று நினைத்தேன். அவரோ மகள் தலையிலிருந்த வெள்ளை முக்காட்டை இடது பக்கமாக இழுத்துவிட்டு, என்னிடம் தொழில் தெரிந்தவளிடம் அபிப்பிராயம் கேட்கிற மாதிரி கேட்டார்: “முக்காடு போட்டா கோணல் தெரியலைங்கள்ல மேடம்?”

பேன்

திண்டிவனத்தில் கடை போட்ட இரண்டாவது வருடம். வாடகைக்கே திண்டாட்டம். அப்போது ஒரு பெண்கள் விடுதியின் வார்டன் வந்தார். விடுதி முழுக்கப் பேன். பதினெட்டுப் பிள்ளைகள், எல்லாரும் ஆறாவது ஏழாவது. மொத்தமாகக் காதளவுக்கு வெட்டிவிட்டால் என்ன குறைப்பாய் என்று கேட்டார். பாதி ரேட்டுக்கு ஒத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கத்தரியும் சீப்பும் எடுத்துக்கொண்டு விடுதிக்கே போனேன். முதல் பிள்ளைக்கு வெட்டியதுமே பின்னால் வரிசையில் நின்றவர்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். பெருமுக்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் அழவில்லை. ஏழாவது படிக்கிறவள், பெயர் செல்வி. முடி இடுப்புக்குக் கீழே தொங்கியது. ‘இதை வெட்டணுமா?’ என்று வார்டனைப் பார்த்தேன். ‘ஒருத்தியை விட்டா மறுபடியும் எல்லாருக்கும் ஏறும்’ என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். இரண்டு பின்னலையும் தனித்தனியாக முடிச்சுப் போட்டு வெட்டி செல்வியின் கையில் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வார்டன் அந்தப் பக்கம் போகும் வரை காத்திருந்து, மெதுவாகச் சொன்னாள். “அம்மா வந்து கேட்டா நாந்தான் வெட்டச் சொன்னேன்னு சொல்லுங்கக்கா. இவங்க வெட்டினாங்கன்னு தெரிஞ்சா சண்டை போட்டு என்னைக் கூட்டிக்கினு போய்டும். அப்புறம் கரும்பு வெட்டத்தான் போவணும். எங்க அக்காவும் அப்பிடித்தான் நின்னுச்சு.”

இரண்டு வாரம் கழித்து செல்வியின் அம்மா என் கடையைத் தேடிக்கொண்டு வந்தார். வெயிலில் நடந்து வந்த முகம். “எம் பொண்ணுக்கு முடி வெட்டினது நீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். “யாரு வெட்டச் சொன்னது?” என்றார். உண்மையைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அந்தப் பிள்ளை மடியில் பின்னலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. “உங்க பொண்ணுதாங்க கேட்டா. நாங்க வேணாம்னுதான் சொன்னோம்” என்றேன். நான் சொன்ன பொய் வேலை செய்தது. செல்வி அந்த விடுதியிலேயே பத்தாவது வரைக்கும் படித்துப் பாஸ் செய்தாள் என்று பிற்பாடு வார்டன் சொன்னார்.

ஆனால் அன்றைக்கு அந்த அம்மா சண்டை போடவில்லை. அவர் சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பெஞ்சில் உட்கார்ந்தார். கீழே நான் இன்னும் பெருக்காமல் விட்டிருந்த யாருடைய முடியையோ பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னார்: “பொறந்ததுலேந்து எண்ணெ வச்சி வளத்தவ நானு. வெட்டிக்கட்டுமாம்மான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சரின்னுதாங்க சொல்லியிருப்பேன்.”

அமாவாசை

ஆறாவது படிக்கிற பெண்ணோடு ஓர் அம்மா வந்து ரேட்டு கேட்டார். சுருட்டை முடி, கையில் அடங்காது. சொன்னேன். குறைக்கச் சொன்னார், குறைத்தேன். இன்னும் குறைக்கச் சொன்னார், இன்னும் குறைத்தேன். இதற்குள் மகள் சுவரில் நான் ஒட்டி வைத்திருந்த படங்களையெல்லாம் பார்த்து முடித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். பாப் கட். நான் வேறு எங்கேயாவது போய்விடப் போகிறேன் என்கிற மாதிரி அந்தப் படத்தின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

திடீரென்று அம்மாவின் முகம் தெளிந்தது. சின்ன வயதில் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது நேர்ந்துகொண்டது ஒன்று இன்னும் செய்யாமல் இருக்கிறதாம். அதைக் கேட்டதும் அந்தப் பெண் படத்திலிருந்து விரலை எடுத்துவிட்டாள். அம்மா என் கையைப் பிடித்து, தப்பாக நினைக்காதீர்கள் என்கிற குரலில் சொன்னார்: “வர்ற அமாவாசைக்கு மேல்மலையனூர்ல மொட்டை அடிச்சிடறேன் மேடம். அம்மனுக்கும் ஆச்சு, ஆறு மாசத்துக்கு இவளுக்குச் சீப்பும் வேணாம்.”

லேடீஸ் அண்ட் சில்ரன்

என் கடை போர்டில் ‘லேடீஸ் அண்ட் சில்ரன்’ என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு ஒருவர் படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கூட மகன், பதினோரு வயது இருக்கும். “பையனுக்கு வெட்டுவீங்களா மேடம்?” என்றார். எதிரிலேயே ஆண்கள் சலூன் இருக்கிறதே, என்னைவிடப் பாதிதான் வாங்குவார்கள் என்று சொன்னேன். “தெரியுங்க” என்றார். ஆனால் நகரவில்லை.

பையன் உள்ளே உட்கார்ந்ததும் பின்னந்தலையைப் பார்த்தேன். ஒரு பாதி ஒட்ட வெட்டி, மறு பாதி காடாகக் கிடந்தது. என்ன இது என்று கேட்டேன், அப்பாதான் சொன்னார். அவர்கள் ஊரிலும் முடி வெட்டுகிற கடை உண்டு. ஆனால் அவர்கள் தெருக்காரர்களுக்கு வெட்ட மாட்டார்கள். அதனால் பஸ் ஏறித் திண்டிவனம் வருவார்கள். டவுனில் யாரும் தெருவைக் கேட்பதில்லை. போன வாரம் ஒரு சலூனில் மகனை உட்கார வைத்திருக்கிறார். வெட்டிக்கொண்டிருக்கும்போது அவர்கள் ஊர்ப் பெரிய தெருக்காரர் ஒருவர் உள்ளே வந்திருக்கிறார். பையனைப் பார்த்திருக்கிறார், கடைக்காரரை வெளியே கூப்பிட்டு ஏதோ சொல்லியிருக்கிறார். கடைக்காரர் திரும்பி வந்து பையன் மேலிருந்த துணியை உருவிவிட்டார். “அரைத் தலையோடதான் பஸ்ல கூட்டிக்கினு போனேங்க. இங்க எங்க ஊரு ஆம்பளைங்க வர மாட்டாங்கள்ல?” என்றார் அப்பா. வர மாட்டார்கள் என்றேன். பையன் கண்ணாடியில் தன் தலையைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியில் தெரிந்த வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தார்கள். மற்ற பையன்கள் போல அப்படி வெட்டு, இப்படி வெட்டு என்று அவன் எதுவும் கேட்டதில்லை. “ஜல்தியா முடிச்சிடுங்கக்கா” என்பான், அவ்வளவுதான். பதிமூன்றில் அவனுக்கு மீசை அரும்பிவிட்டது. புருவம் திருத்த வந்த ஓர் அம்மா, எனக்குப் பத்து வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்து விட்டவர், அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிப் போனார். வயசுப் பையனை உள்ளே வைத்துக்கொண்டால் நாங்கள் எப்படி வருவது என்று போனில் கேட்டார். அடுத்த முறை அப்பாவும் மகனும் வந்தபோது நான் படியிலேயே நிறுத்தி, இனிமேல் இங்கே வெட்ட முடியாது என்று சொன்னேன். ஊர்க் கோடியில் இருக்கிற ஒரு சலூனின் அடையாளமும் சொன்னேன். அங்கே இவர்கள் ஊர்க்காரர்கள் வருவார்களா மாட்டார்களா என்று எனக்குத் தெரியாது. விசாரித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். விசாரிக்கவில்லை. அவர் கழற்றிய செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டே சொன்னார்: “பரவால்லைங்க மேடம். ரெண்டு வருசம் முழுத் தலையும் வெட்டிவிட்டீங்க, அதுவே பெருசு.”

மூன்று கால் பின்னல்

கம்பெனி வேலைக்குப் போகிற ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் பெயர் ஜெனிட்டா, பன்னிரண்டு வயது. அவளுடைய அம்மா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்ட வேண்டும் என்பது கண்டிப்பு. பக்கத்து வீட்டு அம்மா கொஞ்ச நாள் பின்னிவிட்டார், அவருக்கும் காலையில் வேலை இருக்கும் இல்லையா. “பாய் கட் பண்ணிடுங்க மேடம், அவளே சீவிக்குவா” என்றார் அப்பா. ஜெனிட்டா இரண்டு பின்னலையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு நாற்காலிக்கே வர மாட்டேன் என்றாள்.

எனக்கு என்ன தோன்றியதோ, ரிப்பனில் மூன்று துண்டு வெட்டி நாற்காலிக் கைப்பிடியில் கட்டி, பின்னல் போடுவது எப்படி என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தார். கடைக்கு வந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. மெஷின் எண்ணெய் ஏறிய தடித்த விரல்கள். முதலில் ரிப்பனில் பழகி, அப்புறம் மகள் தலையில் பின்னினார். ஜெனிட்டா பள்ளிக்கூடம் போகிற வழியில் என் கடை. தினமும் திரும்பி நின்று வகிட்டைக் காட்டிவிட்டுப் போவாள். முதல் வாரம் வகிடு பாம்பு மாதிரி ஓடியது. ஒரு மாதத்தில் நான் பின்னினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. என் தொழிலில் எனக்குப் பெருமையாக இருந்த மாதம் என்றால் அதுதான்.

அரைப் பரீட்சை லீவில் ஒருநாள் ஜெனிட்டா தனியாக வந்தாள். தானே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, பாய் கட் பண்ணச் சொன்னாள். அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். அவள் சொன்ன விதத்திலேயே தெரியாது என்று புரிந்தது. வெட்ட மாட்டேன் என்றேன். எதிரில் இருக்கிற ஆம்பளைங்க சலூனுக்குப் போகிறேன் என்று இறங்கினாள். பிடித்து உட்கார வைத்தேன். துணியைச் சுற்றிக் கட்டும்போது, அப்பாதான் இப்போது நன்றாகப் பின்னுகிறாரே, அப்புறம் என்ன பேஜாரு உனக்கு என்று கேட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்: “அப்பாவுக்கு நல்லா பின்ன வருதுக்கா. கம்பெனி பஸ்ஸுதான் அது வரைக்கும் நிக்க மாட்டேங்குது.”

பொங்கல் வரைக்கும்

செல்போனில் படம் காட்டி வெட்டச் சொல்கிற காலம் வந்த பிறகு நடந்தது. ஆடி மாதம். மகள் போனை நீட்டி, நுனியில் மட்டும் கொஞ்சம் லேயர் மாதிரி வெட்டச் சொன்னாள். அம்மா என் காதோடு, பொங்கல் வரைக்கும் தாங்குகிற மாதிரி வெட்டச் சொன்னார். இரண்டு பேர் பேச்சையும் கேட்க முடியாது. தலைக்குச் சொந்தக்காரி பேச்சைக் கேட்டேன். அரை மணி நேரம் பார்த்துப் பார்த்து வெட்டினேன், அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு சந்தோஷம். அம்மா மகளின் தலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்தார்: “கீழ இவ்ளோதான் கிடக்குது, இதுக்கா மேடம் இவ்ளோ காசு?”

ஏசி சலூன்

கடைசியில் இது எனக்கே நடந்தது. என் மகள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு நான்தான் வெட்டுவேன். ஒருநாள், விழுப்புரத்தில் புதிதாகத் திறந்திருக்கிற ஏசி சலூனில் வெட்டிக்கொள்ள வேண்டும் என்றாள். வீட்டிலேயே ஒருத்தி இருக்கும்போது காசு கொடுத்து வெட்டணுமா என்று சத்தம் போட்டேன். அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் அவளுடைய சிநேகிதி ஒருத்தி மூலம் தெரிந்தது. வகுப்பில் மதியம் சாப்பாட்டைப் பங்கு போட்டுக்கொள்வார்களாம். என் மகள் டப்பாவை மட்டும் யாரும் தொடுவதில்லை. ‘அவங்க அம்மா ஊரான் தலைமுடியைக் கூட்டி அள்ளுறவங்க, சோத்துல முடி கிடக்கும்’ என்று ஒருத்தி சொல்லிவிட்டாளாம். அந்தச் சலூனில் வெட்டிக்கொண்டு வந்தேன் என்று சொன்னால் பேச்சு மாறும் என்று இவள் கணித்திருக்கிறாள். இதையெல்லாம் என்னிடம் சொல்லாமல், ஏசி வேண்டும், சுற்றுகிற நாற்காலி வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

கடையை ஒருநாள் சாத்திவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக் கதவு, சோபா, கையில் குளிர்பானம். நான் மூன்று தலைக்கு வாங்குவதை அவர்கள் ஒரு தலைக்கு வாங்கினார்கள். இருபது வயதுப் பையன் ஒருவன் வெட்டினான். இடது பக்கம் அரை விரல்கடை ஏறிவிட்டது. சோபாவில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரிந்தது. சொன்னால் நான் யார் என்று கேட்பான். சீப்பால் முடியைத் தூக்கிப் பார்த்து, “இதுக்கு முன்னாடி எங்க மேடம் வெட்டினீங்க? கத்தரி பிடிக்கவே தெரியாதவங்க வெட்டின மாதிரி இருக்கே” என்றான். என் மகள் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்குப் பயம். “திண்டிவனத்துல ஏதோ ஒரு லோக்கல் பார்லருப்பா” என்றேன். அவள் தோள் மெல்லத் தளர்ந்து இறங்குவது, போர்த்தியிருந்த துணிக்கு மேலேயே தெரிந்தது. அவன் தலையை ஆட்டிக்கொண்டான். தொழிலில் மூத்தவன் மாதிரி எனக்குப் புத்தி சொன்னான்: “அதான பாத்தேன். இனிமே பாப்பாவ அங்கல்லாம் விடாதீங்க மேடம்.”

இருபத்தோரு வருடமும் அந்த வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் ‘முடிதானே, வளந்துடும்’ என்று சொல்லித்தான் நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டேன். நான் சொன்னபடியே முடி மட்டும் வளர்ந்தது.